இங்கிலாந்து நகரங்களின் பின்தங்கிய பகுதிகளில் ஓராண்டு சபைத் தொண்டு: சேருமுன் என்ன கேட்க வேண்டும்?

#1 விளக்குத்தண்டு

அனைவருக்கும் வணக்கம்.

செப்டம்பரில் தொடங்கி அடுத்த கோடையில் முடியும் ஓராண்டுத் தொண்டுக்கு இங்கிலாந்துச் சபைகள் ஆள் எடுக்கின்றன. தங்க அறை, சாப்பாடு, கைச்செலவுக்குக் கொஞ்சம் பணம், வாரத்தில் ஒரு நாள் வேதபாடம். வேலை பெரும்பாலும் நகரத்தின் ஏழ்மையான குடியிருப்புகளில்: உணவு வங்கி, பிள்ளைகள் மன்றம், முதியோருக்கு மதிய உணவு, வீடில்லாதவர்களுக்கு இரவுத் தங்கல். அங்குள்ள தமிழ்ச் சபைகளிலிருந்தும் இந்தியா, இலங்கையிலிருந்தும் இளைஞர்கள் விண்ணப்பிக்கிறார்கள்.

விளம்பரத் தாளில் "மக்களோடு வாழ்ந்து ஊழியம் செய்ய வாருங்கள்" என்பதற்கு மேல் ஒன்றும் இருப்பதில்லை. நேர்காணலில் அவர்கள் கேட்பது இருக்கட்டும், நாம் அவர்களிடம் எதைக் கேட்க வேண்டும்? விசா, போலீஸ் சான்றிதழ், வேலை நேரம், வீடு, மேற்பார்வை பற்றி விவரம் தெரிந்தவர்கள் எழுதுங்கள். சொந்த அனுபவங்களுக்கு வேறு இழை இருக்கிறது. இங்கே நடைமுறை விவரம் போதும்.

#2 மணிக்கூண்டு

முதலில் இடத்தைப் பாருங்கள். "பின்தங்கிய பகுதி" என்று சபை சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. இங்கிலாந்து முழுவதையும் சராசரி 1,500 பேர் வாழும் சிறு வட்டாரங்களாகப் பிரித்து, எது எவ்வளவு பின்தங்கியது என்று அரசே வரிசைப்படுத்தி வெளியிடுகிறது. ஏழு அளவைகள். வருமானத்துக்கும் வேலைவாய்ப்புக்கும் தலா 22.5 சதவீதம், கல்விக்கும் உடல்நலத்துக்கும் தலா 13.5, குற்றம், வீட்டு வசதி, சுற்றுச்சூழல் மூன்றுக்கும் தலா 9.3. அஞ்சல் குறியீட்டை இட்டால் அந்த வட்டாரம் எந்தப் பத்தில் ஒரு பங்கில் விழுகிறது என்று தெரிந்துவிடும். 1 என்றால் மிகப் பின்தங்கியது.

ஒட்டுமொத்த எண்ணோடு நிறுத்தாமல் ஏழையும் தனித்தனியாகப் பாருங்கள். உடல்நலம் மிக மோசம், குற்றம் சுமார் என்று வந்தால் அங்கே தொண்டரின் பொழுது பெரும்பாலும் முதியவர்கள், நீண்ட நோயாளிகள் மத்தியில் போகும். கல்வியும் குற்றமும் அடியில் இருந்தால் பிள்ளைகள் வேலை முன்னால் வரும். சபை தந்த பணி விவரத்தாள் அந்தப் படத்தோடு ஒத்துப்போகிறதா? ஒத்துப்போகவில்லை என்றால், வேறெங்கோ எழுதிய தாளைப் பெயர் மாற்றி அனுப்பியிருக்க வாய்ப்புண்டு.

ஒரு எச்சரிக்கை. அந்த எண் இடத்தைப் பற்றியது, ஆட்களைப் பற்றியது இல்லை. 1 என்று வந்த வட்டாரத்துத் தெருவிலும் நல்ல வேலையில் இருப்பவர்கள் வாழ்கிறார்கள். அங்கே போய் எல்லாரையும் இரக்கத்தோடு பார்க்கத் தொடங்கினால் முதல் வாரத்திலேயே கதவுகள் மூடிவிடும்.

#3 ஆலங்கிளை

பணி விவரத்தாளைப் பற்றி மணிக்கூண்டு சொன்னதைத் தொடர்கிறேன். எழுதப்பட்ட தாள் இல்லாத இடத்துக்குப் போகவே போகாதீர்கள். ஆயர் எவ்வளவு அன்பானவராக இருந்தாலும் சரி. அதில் இருக்க வேண்டியவை:

வாரத்துக்கு எத்தனை மணி நேரம். 35 என்று எழுதியிருந்தால் ஞாயிறு ஆராதனைக்கு நாற்காலி போடுவதும், மாலைக் கூட்டமும், ஜெபக் குழுவும் அந்த 35க்குள் வருகின்றனவா என்று கேளுங்கள். "அது வேலை இல்லையே, ஐக்கியம்தானே" என்று பதில் வந்தால் உண்மையில் 50 மணி நேரம் ஆகும். மாலை வேலை வாரத்தில் மூன்றுக்கு மேல் போகக் கூடாது. ஞாயிறு வேலை நாள் என்பதால் அதற்கு ஈடாக ஒரு முழு நாள் ஓய்வு வேண்டும், அந்த நாளில் யாரும் கதவைத் தட்டக் கூடாது.

மேற்பார்வை. முதல் மூன்று மாதம் வாரம் ஒரு மணி நேரம், பிறகு இரு வாரத்துக்கு ஒரு முறை, தேதி குறித்து, குறிப்பெடுத்து. "கதவு எப்போதும் திறந்திருக்கும்" என்பது மேற்பார்வை ஆகாது. ஆயருக்கு ஒரே வாரத்தில் இரண்டு அடக்கம் வந்துவிட்டால் முதலில் ரத்தாவது தொண்டரோடு உட்காரும் அந்த ஒரு மணி நேரம்தான்.

வேலை சொல்பவர், மனச்சுமையைக் கேட்பவர், வீட்டுக்காரர் மூவரும் ஒரே ஆளாக இருக்கக் கூடாது. இதை நான் மிக அழுத்திச் சொல்கிறேன். ஆயர் வீட்டு மாடியறையில் தங்கி, ஆயரிடமே வேலை பார்த்து, ஆயரிடமே ஆத்தும ஆலோசனை கேட்கும் ஏற்பாட்டில் ஒரு சின்ன மனத்தாங்கல் வந்தால் போக்கிடம் இல்லை. சபைக்கு வெளியே ஒருவர் பெயரை முதல் நாளே கொடுக்கச் சொல்லுங்கள்.

ஆறாவது வாரம், மூன்றாவது மாதம் இரண்டிலும் இரு தரப்பும் மறுபரிசீலனை செய்யும் தேதி. சரிப்படவில்லை என்றால் எத்தனை நாள் முன்னறிவிப்பு, திரும்பும் பயணச்செலவு யாருடையது. இதை முன்கூட்டியே எழுதாததால்தான் பலர் பிப்ரவரியில் சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பிப் போகிறார்கள்.

#4 உப்புக்காற்று

நடைமுறை விவரம் நல்லது. ஆனால் அடிப்படைக் கேள்வியைத் தாண்டிப் போகிறோம். ஓராண்டுத் தொண்டால் அந்தக் குடியிருப்புக்கு என்ன கிடைக்கிறது? ஒவ்வொரு செப்டம்பரும் புது முகம். பெயர் பழகி, நம்பிக்கை வந்து, பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளும்போது ஜூலை வந்துவிடும். அப்பா போய்விட்ட வீடு, அடிக்கடி மாறும் சமூகப் பணியாளர், அடிக்கடி மாறும் ஆசிரியர் என்று வாழும் பிள்ளைக்கு, விட்டுப் போகும் பெரியவர்களின் பட்டியலில் இன்னொருவர் சேர்கிறார். தொண்டருக்கு அனுபவமும் பரிந்துரைக் கடிதமும் கிடைக்கின்றன. தெருவுக்கு?

#5 மணிக்கூண்டு

உப்புக்காற்று கேட்பது நியாயமான கேள்வி, 140 ஆண்டுப் பழைய கேள்வியும் கூட. 1884இல் கிழக்கு லண்டன் வைட்சாப்பலில் சாமுவேல் பார்னெட் என்ற ஆயரும் அவர் மனைவி ஹென்றியெட்டாவும் டாயின்பி ஹாலைத் தொடங்கினார்கள். பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள் ஏழைகளின் நடுவே குடியிருந்து பழக வேண்டும் என்பது நோக்கம். அதே ஆண்டு பெத்னல் கிரீனில் ஆக்ஸ்போர்டு ஹவுஸ். இன்றைய ஓராண்டுத் திட்டங்கள் ஏறத்தாழ அந்த எண்ணத்தின் வாரிசுகள். அங்கே போனவர்கள் தெருவை மாற்றியதைவிட, தெரு அவர்களை மாற்றியது அதிகம். வில்லியம் பெவரிட்ஜ் 1903இல் டாயின்பி ஹாலில் துணைக் காப்பாளராகச் சேர்ந்தார். பிரிட்டனின் சமூகக் காப்பீட்டுக்கு வழிவகுத்த 1942 அறிக்கை அவருடையது. கிளமென்ட் அட்லீ 1905இல் ஸ்டெப்னியில் ஒரு சிறுவர் மன்றத்துக்குள் முதன்முதலாக நுழைந்தார், பிறகு பல ஆண்டுகள் அந்தப் பகுதியிலேயே வாழ்ந்தார், 1945இல் பிரதமரானார்.

அதனால் ஓராண்டை ஒரு தொடக்கமாகப் பார்ப்பவர்களோடு நான் உடன்படுவேன். ஆனால் பிள்ளைகளைப் பற்றி உப்புக்காற்று சொன்னதற்கு இது பதிலாகாது.

#6 ஆலங்கிளை

> தெருவுக்கு?

நேர்காணலில் கேட்க வேண்டிய ஒரே கேள்வி என்று ஒன்றைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் நான் இதைத் தேர்ந்தெடுப்பேன்: "போன ஆண்டுத் தொண்டர் செய்துவந்த வேலைகளில் எவை இன்னும் நடக்கின்றன, யார் நடத்துகிறார்கள்?"

அந்தத் தெருவில் வசிக்கும் இருவர் பெயரைச் சொல்லி, "செவ்வாய் மாலை மன்றத்தை அவர்கள்தான் நடத்துகிறார்கள், தொண்டர் மூன்றாவது கை" என்று பதில் வந்தால் அது நல்ல இடம். "ஆகஸ்ட்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம், நீங்கள் வந்ததும் மறுபடி தொடங்கலாம்" என்றால் உப்புக்காற்று சொல்லும் தீங்கு அங்கே ஆண்டுதோறும் நடக்கிறது என்று பொருள். தொண்டர் தூணாக நின்றால், அவர் போகும்போது கூரை விழும்.

#7 உப்புக்காற்று

இதை ஏற்கிறேன். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தயங்கும் சபைகள் விண்ணப்பம் வாங்குவதையே ஓராண்டு நிறுத்தி வைக்கலாம்.

#8 கோபுரப்புறா

விசாவுக்கு வருகிறேன். இந்தியா, இலங்கையிலிருந்து வருபவர்களுக்குப் பொருந்தும் வழி தொண்டுப் பணியாளருக்கான தற்காலிக விசா. ஸ்பான்சர் உரிமம் உள்ள தொண்டு அமைப்புதான் ஸ்பான்சர் சான்றிதழ் தர முடியும். உரிமம் இல்லாத சபை "அழைப்புக் கடிதம் தருகிறோம், சுற்றுலா விசாவில் வந்துவிடுங்கள்" என்றால் அங்கேயே நிறுத்துங்கள். உரிமம் பெற்றவர்களின் பட்டியலை உள்துறை அமைச்சகம் இணையத்தில் வைத்திருக்கிறது. அமைப்பின் பெயரை அதில் எழுத்துக்கு எழுத்து சரிபாருங்கள்.

அதிகபட்சம் 12 மாதம். பணி தொடங்கும் நாளுக்கு 3 மாதம் முன்பிலிருந்து விண்ணப்பிக்கலாம். கணக்கில் 1,270 பவுண்ட் தொடர்ந்து 28 நாள் இருக்க வேண்டும், அல்லது செலவை ஏற்பதாக ஸ்பான்சர் சான்றிதழிலேயே குறிப்பிட வேண்டும். 27ஆம் நாள் அவசரத்துக்குக் கொஞ்சம் எடுத்து, இருப்பு அதற்குக் கீழே போனால், மறுநாள் போட்டாலும் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். இதில் தவறுபவர்கள் அதிகம். ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதால் இந்தியா, இலங்கை இரண்டிலிருந்து வருபவர்களுக்கும் அங்கீகரிக்கப்பட்ட மையத்தில் காசநோய்ப் பரிசோதனை கட்டாயம். விசாக் கட்டணத்தோடு, அரசு மருத்துவச் சேவைக்கான சுகாதார மிகைக்கட்டணமும் சேரும். அதை யார் கட்டுவது என்பதை எழுத்தில் வாங்குங்கள், பலருக்கு விசாக் கட்டணத்தைவிட அதுதான் பெரிய தொகை.

இனி வேலையின் தன்மை. இந்த விசாவில் அமைப்பு யாருக்காக இருக்கிறதோ அவர்களுக்கு நேரடியாக உதவும் களப்பணி மட்டும்தான் செய்யலாம். அலுவலகத்தில் அன்றாட எழுத்து வேலை, தொண்டுக் கடையின் கல்லா, நிதி திரட்டல் இவை அந்தப் பணியில் அடங்கா. பணி விவரத்தாளில் "வாரம் இரண்டு நாள் கடை" என்று இருந்தால் அதை மாற்றச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். நிரந்தரப் பணியிடத்தையும் இந்த விசாவில் நிரப்ப முடியாது. "அடுத்த ஆண்டு இளைஞர் ஊழியராக எடுத்துக்கொள்கிறோம்" என்ற வாய்மொழி வாக்கை நம்பி ஊரில் வேலையை விட வேண்டாம்.

#9 கோபுரப்புறா

பணத்தைப் பற்றி முன் பதிவில் விட்டுப்போனது. இந்த விசாவில் சம்பளம் கிடையாது, நியாயமான செலவுத்தொகை மட்டும். விசா தேவைப்படாதவர்களுக்கும் ஒரு சட்டம் குறுக்கே வரும். 1998இன் தேசியக் குறைந்தபட்ச ஊதியச் சட்டம், 44ஆம் பிரிவு. தொண்டு அமைப்பில் பணிபுரியும் தொண்டருக்கு அந்தச் சட்டத்திலிருந்து விலக்கு கிடைக்க வேண்டுமானால் உண்மையான செலவைத் திருப்பித் தரலாம், நியாயமான அளவில் உணவும் உறைவிடமும் பொருளாகத் தரலாம். சாப்பாட்டுக்கென்று ரொக்கமாகத் தருவது, ஒரு தொண்டு அமைப்பு தன் நோக்கத்துக்காக இன்னொரு அமைப்பிடம் ஆளை அனுப்பி வைக்கும் ஏற்பாட்டில்தான் செல்லும்.

ஆகவே "வாரம் இத்தனை பவுண்ட் கையில்" என்று எந்தச் சபையாவது தானே ஆள் எடுத்துத் தானே கொடுத்தால், அந்த விலக்கே கேள்விக்குள்ளாகும். ஆண்டின் நடுவில் பொருளாளருக்கு யாராவது இதை எடுத்துச் சொல்ல, பணம் திடீரென்று நின்றுபோகும். கேட்க வேண்டியது: என்னை அனுப்புவது யார், ஏற்பது யார், பணம் எந்தத் தலைப்பில்? பேருந்துச் சீட்டு, தொலைபேசி ரசீது எல்லாவற்றையும் முதல் வாரத்திலிருந்தே ஒரு உறையில் போட்டு வையுங்கள்.

#10 தாழம்பூ

போலீஸ் சான்றிதழில் இரண்டு வேறு வேறு விஷயங்கள் இருக்கின்றன, குழப்பிக்கொள்ள வேண்டாம்.

இங்கிலாந்தில் எடுப்பது டிபிஎஸ், அதாவது அங்குள்ள குற்றப் பதிவைச் சரிபார்த்துத் தரும் சான்றிதழ். பிள்ளைகள் வேலைக்கு மேம்பட்ட நிலை. தொண்டருக்குக் கட்டணம் கிடையாது, இடையில் உள்ள முகமை தன் சேவைக்குச் சிறு தொகை கேட்கலாம். கடந்த ஐந்து ஆண்டுகளின் எல்லா முகவரிகளும், எந்த மாதம் முதல் எந்த மாதம் வரை என்று இடைவெளி இல்லாமல் வேண்டும். விடுதி, உறவினர் வீடு எல்லாம் சேர்த்து ஊரிலேயே எழுதிக்கொண்டு வாருங்கள். தற்போதைய முகவரியைக் காட்டும் ஆவணமும் வேண்டும், புதிதாக வந்தவருக்கு அதுதான் சிக்கல். வங்கிக் கணக்கு திறக்க முகவரி வேண்டும், முகவரி காட்ட வங்கித் தாள் வேண்டும் என்று வட்டமடிக்கும். இதனால் செப்டம்பரில் வந்தவர் நவம்பர் வரை மன்றத்துக்குள் போக முடியாமல் சமையலறையிலேயே நிற்பது உண்டு. அந்த இடைக்கால வேலை என்ன என்று முன்பே கேளுங்கள்.

சான்றிதழ் வந்த 30 நாளுக்குள் புதுப்பிப்புச் சேவையில் பதிந்துவிடுங்கள். தொண்டருக்கு இலவசம். பிறகு இன்னொரு அமைப்புக்குப் போனால் அதே நிலை, அதே வகைப் பணி என்றால் புதிதாக எடுக்க வேண்டியிருக்காது.

டிபிஎஸ் வெளிநாட்டுக் குற்றப் பதிவைப் பார்ப்பதில்லை. ஆகவே ஊரில் எடுக்கும் போலீஸ் தடையின்மைச் சான்றிதழ் தனியாக வேண்டும். கிளம்புமுன் வாங்குவதுதான் சுலபம்.

#11 மணிக்கூண்டு

உணவு வங்கி வேலை எல்லாத் திட்டத்திலும் இருப்பதால் அதைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போம். வெளியிலிருந்து பார்த்தால் டப்பா அடுக்கும் வேலை.

பெரும்பாலான இடங்களில் மருத்துவர், பள்ளி, ஆலோசனை மையம் போன்றோர் பரிந்துரைச் சீட்டு தருவார்கள். சீட்டில் பெரியவர் எத்தனை, பிள்ளைகள் எத்தனை என்று இருக்கும். அதற்கேற்ற பட்டியல்படி மூன்று நாள் உணவு கட்ட வேண்டும். வந்த டப்பாவின் மேல் தேதியைத் தடித்த பேனாவில் எழுதி, முதலில் முடிவது முன்னால் வரும்படி அடுக்கு. "இந்தத் தேதிக்குள் சிறந்தது" என்பது தரத்தைப் பற்றியது, தாண்டினாலும் பல பொருள்களைக் கொடுக்கலாம். "இந்தத் தேதிக்குள் பயன்படுத்து" என்பது பாதுகாப்பைப் பற்றியது, ஒரு நாள் தாண்டினாலும் கொடுக்கக் கூடாது. இந்த இரண்டையும் முதல் நாளே கண்ணுக்குப் பழக்குங்கள்.

கட்டுமுன் கேட்க வேண்டியவை: வீட்டில் அடுப்பு வேலை செய்கிறதா? மின்சார மீட்டரில் காசு இருக்கிறதா? முன்பணம் போட்டு ஓடும் மீட்டரில் காசு தீர்ந்த வீட்டுக்குப் பச்சரிசியும் உலர்ந்த பருப்பும் கொடுத்தால் அது பயன்படாமல் மூலையில் கிடக்கும். கெட்டில் மட்டும் உள்ளவருக்கு வெந்நீர் ஊற்றிச் சாப்பிடும் பொருள்களைத் தனியாகக் கட்டுவார்கள். விடுதி அறையில் இருப்பவருக்கு டப்பா திறப்பான் இருக்காது, இழுவளையம் உள்ள டப்பாவாகப் பொறுக்கு. பேருந்தில் போகிறவர் என்றால் எடையை இரண்டு பைகளில் சமமாகப் பிரி.

சீட்டைப் பார்ப்பதற்கு முன் வாயிலிருந்து வர வேண்டிய முதல் சொல் "தேநீருக்குச் சர்க்கரை எத்தனை?" என்பது. "எதற்காக வந்திருக்கிறீர்கள்?" என்று கேட்காதீர்கள். காரணத்தை அவர் ஏற்கெனவே ஓர் அலுவலகத்தில் சொல்லித்தான் சீட்டு வாங்கியிருக்கிறார். அரை மணி நேரம் தேநீர் மேசையில் உட்கார்ந்தால் அவராகவே சொல்வார்: யூனிவர்சல் கிரெடிட் என்ற அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பித்து முதல் தவணைக்கு ஐந்து வாரம் காத்திருக்கிறார், அல்லது முன்பணம் வாங்கி அதை மாதாமாதம் பிடிக்கிறார்கள். அப்போது கையில் இருக்க வேண்டியது அடுத்த மேசையில் உட்கார்ந்திருக்கும் ஆலோசகரின் பெயர்.

#12 வல்லைவெளி

மணிக்கூண்டு அண்ணை கடைசியாச் சொன்ன இடத்தில நானும் ஒண்டு சொல்லவேணும். தமிழ் தெரிஞ்ச தொண்டர் ஒருத்தர் வந்திருக்கிறார் எண்டு தெரிஞ்சா எங்கட அகதிக் குடும்பங்கள் தேடி வருவினம். உள்துறைக் கடிதத்தைக் கொண்டுவந்து "தம்பி, இதில என்ன போட்டிருக்கு, நான் என்ன எழுதோணும்?" எண்டு கேப்பினம். முதல் கேள்விக்குப் பதில் சொல்லலாம், அது மொழிபெயர்ப்பு. ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னா அது குடிவரவு ஆலோசனை. 1999ஆம் ஆண்டுக் குடிவரவு, புகலிடச் சட்டப்படி தகுதிப் பதிவு இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்றது குற்றம். காசு வாங்காமச் சொன்னாலும் குற்றம்தான்.

சட்டம் ஒருபக்கம் இருக்கட்டும். பிழையாச் சொன்ன ஒரு வரியால ஒரு குடும்பத்தின்ர வழக்கு வருசக்கணக்கா இழுபடும். "எனக்குத் தெரியும்" எண்டு சொல்ற ஆசை வரும், ஏனெண்டா எதிரில இருக்கிறவர் அழுதுகொண்டிருப்பார், உங்களை விட்டா ஆளில்லை எண்டுவார். அந்த நேரத்தில செய்ய வேண்டியது: கடிதத்தில உள்ள கடைசித் தேதியைப் பாருங்கோ, அதைப் பெரிசா ஒரு தாளில எழுதிக் கையில குடுங்கோ, பதிவுள்ள ஆலோசகருக்கு அண்டைக்கே தொலைபேசி எடுத்து நேரம் வாங்கிக் குடுங்கோ, கேட்டா மொழிபெயர்ப்புக்குக் கூடப் போங்கோ. தேதி தப்பாமப் பாக்கிறதுதான் நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி.

தொண்டர் வரமுன்னமே சபை இப்படியான மூண்டு நாலு ஆலோசகர்களின்ர இலக்கங்களைச் சுவரில ஒட்டியிருக்கோணும்.

#13 தாழம்பூ

பிள்ளைகள் மன்றம். எண்ணிக்கை முதலில். குழந்தைப் பாதுகாப்பு அமைப்பான என்எஸ்பிசிசி பரிந்துரைக்கும் அளவு: 4 முதல் 8 வயது வரை ஆறு பிள்ளைக்கு ஒரு பெரியவர், 9 முதல் 12 வரை எட்டுக்கு ஒருவர், 13 முதல் 18 வரை பத்துக்கு ஒருவர். பிள்ளைகள் மூவரே வந்தாலும் பெரியவர் குறைந்தது இருவர். இரண்டாவது பெரியவர் வரவில்லை என்றால் மன்றம் அன்றைக்கு இல்லை. மழையில் நிற்கும் பிள்ளைகளிடம் அதைச் சொல்வது நெஞ்சைப் பிசையும். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். அதனால்தான் "கடைசி நேரத்தில் அழைக்க யார் இருக்கிறார்கள்?" என்று சேருமுன்னே கேட்கச் சொல்கிறேன்.

வருகைப் பதிவு, பெற்றோர் சம்மதத் தாள், ஒவ்வாமை, அவசர எண், யார் அழைத்துப் போகலாம் என்பது. இவை இல்லாமல் கதவைத் திறக்காதீர்கள். சொந்தத் தொலைபேசி எண்ணைப் பிள்ளைகளுக்குக் கொடுக்கக் கூடாது. மன்றத்துக்கென்று ஒரு தொலைபேசி, செய்திகளை இரண்டு பெரியவர்கள் பார்க்கும்படி.

ஒரு பிள்ளை எதையாவது சொல்லத் தொடங்கினால்: "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். துருவிக் கேட்காதீர்கள். பிள்ளை சொன்ன சொற்களை அப்படியே, நம் சொற்களாக மாற்றாமல், தேதியும் நேரமும் போட்டு எழுதிக் கையெழுத்திட்டு அன்றைக்கே திருச்சபையின் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கொடுங்கள். உடனடி ஆபத்து என்றால் அவசர எண் 999. ஆயரிடம் முதலில் கேட்டுவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருக்க வேண்டாம்.

#14 கனலி

எல்லாரும் நல்ல விவரம் தருகிறீர்கள், ஆனால் இது கிறிஸ்தவத் தொண்டு என்பதே மறந்துபோகும் போலிருக்கிறது. நற்செய்தி சொல்லத்தானே போகிறார்கள்? உணவு கொடுக்கும் இடத்தில் ஜெபிக்கக் கூடாது என்றால் அரசு அலுவலகத்துக்கும் சபைக்கும் என்ன வேறுபாடு?

#15 ஆலங்கிளை

கனலி, ஜெபிக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. எப்போது, எப்படி என்பதே பேச்சு. பையைக் கொடுக்குமுன் "ஜெபிக்கலாமா?" என்று கேட்டால், பசியோடு நிற்பவருக்கு அது கேள்வியாகக் கேட்காது, நிபந்தனையாகக் கேட்கும். அவர் "சரி" என்பார். அந்தச் "சரி"யை நீங்கள் விசுவாசம் என்று எடுத்துக்கொள்வீர்கள், அவர் அதை விலை என்று நினைவில் வைத்திருப்பார். உணவுக்காக மதம் மாறினார்கள் என்ற பழியை நம் தாத்தா பாட்டிகள் எத்தனை காலம் சுமந்தார்கள் என்பது நமக்குத் தெரியாததா?

நல்ல ஒழுங்கு இது: பை கைக்குப் போன பிறகு, தேநீர் மேசையில், ஒரே முறை கேட்பது. "வேண்டாம்" என்றால் அடுத்த வாரமும் அதே முகத்தோடு தேநீர் ஊற்றுவது. ஜெபிக்க விரும்புவோருக்குத் தனியாக ஒரு மூலை, அங்கே ஒரு நாற்காலி, ஒரு ஆள். அண்டை வீட்டார் இஸ்லாமியர்களாகவோ எந்த நம்பிக்கையும் இல்லாதவர்களாகவோ இருப்பார்கள். "ஏன் இங்கே வந்து வாழ்கிறாய்?" என்று என்றாவது ஒருநாள் அவர்களே கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு முழுப் பதிலும் சொல்லுங்கள், கூச்சமே வேண்டாம்.

#16 கனலி

பைக்குப் பிறகு என்பதை ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் அந்த மூலையில் வாரந்தோறும் ஒருவர் கட்டாயம் உட்கார்ந்திருக்க வேண்டும். "ஆள் இல்லை" என்று முதலில் கைவிடப்படுவது அதுதான்.

#17 ஆலங்கிளை

உண்மை. பணி விவரத்தாளில் அதையும் மணி நேரத்தோடு எழுதச் சொல்லுங்கள்.

#18 தாழம்பூ

வீட்டைப் பற்றி யாரும் எழுதவில்லை. அறைக்கு உள்ளிருந்து பூட்டும் பூட்டு. எரிவாயுக் கருவிகளுக்கு 12 மாதத்துக்குள் எடுத்த பாதுகாப்புச் சான்றிதழ். ஒவ்வொரு மாடியிலும் புகை எச்சரிக்கை மணி, கொதிகலன் உள்ள அறையில் கார்பன் மோனாக்சைடு மணி. ஜன்னல் ஓரச் சுவரைக் கையால் தொட்டுப் பாருங்கள், ஈரமாக இருந்தால் டிசம்பரில் கரும்பூஞ்சை வரும். வெப்பமூட்டியின் செலவு யாருடையது, எத்தனை மணிக்கு அணையும்? பகிர்ந்து வாழும் தொண்டர் வீட்டில் பெரும்பாலான சண்டைக்கும் இதுதான் காரணம்.

வெப்ப நாட்டிலிருந்து வருபவர்களுக்கு இன்னொன்று. டிசம்பர் நடுவில் மான்செஸ்டரில் மாலை நான்கு மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். மன்றம் முடிந்து இரவு ஒன்பதரைக்குத் தனியாக நடந்து திரும்ப வேண்டியிருக்குமா? யாரோடு? இதற்கும் எழுதிய ஏற்பாடு வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரைதான் மனம் தளரும் காலம். அந்த மாதங்களில் புதுப் பொறுப்பு எதையும் தலையில் ஏற்றாதீர்கள், ஜனவரியில் ஒரு வாரம் விடுப்பை இப்போதே குறித்து வையுங்கள்.

#19 விளக்குத்தண்டு

எல்லாருக்கும் மிக்க நன்றி. பிரியும் மாதங்களைப் பற்றி உப்புக்காற்று தொடங்கியது பாதியில் நிற்கிறது. அதற்கும் ஒழுங்கு உண்டா?

#20 உப்புக்காற்று

உண்டு, பலரும் ஜூலை கடைசி வாரத்துக்கு அதைத் தள்ளிவைத்துவிடுகிறார்கள். முடியும் தேதியை முதல் மாதத்திலேயே பிள்ளைகளிடம் சொல்லிவிட வேண்டும். ஒன்பதாவது மாதத்துக்குப் பிறகு புதிதாக எதையும் தொடங்கக் கூடாது. ஏப்ரலிலிருந்து ஒவ்வொரு வேலையிலும் தொண்டர் பின்வரிசைக்கு நகர வேண்டும்: வருகைப் பதிவை அந்தத் தெருவின் தாய் ஒருவர் எடுக்கட்டும், விளையாட்டை இன்னொருவர் நடத்தட்டும், தொண்டர் கோப்பை கழுவட்டும். ஜூனில் ஒரு வாரம் வேண்டுமென்றே வராமல் இருந்து பாருங்கள். அன்றைக்கு எது தடுமாறியதோ அதுதான் இன்னும் ஒப்படைக்கப்படாதது.

பிள்ளைகளிடம் "திரும்பி வருவேன்" என்று சொல்லாதீர்கள், நாள் குறித்துச் சொல்ல முடிந்தால் தவிர. கடைசி நாளில் ஒவ்வொரு பிள்ளையிடமும் பெயர் சொல்லி விடைபெறுங்கள். அன்றைக்கு வராத பிள்ளைகளுக்கு ஓர் அட்டை எழுதி மன்றத் தலைவரிடம் கொடுங்கள், அவர் அடுத்த வாரம் கையில் கொடுப்பார். சொந்தத் தொடர்பு எண்ணை அதில் எழுத வேண்டாம்.

#21 ஆலங்கிளை

அதோடு அலமாரிச் சாவி. சம்மதத் தாள்கள், மன்றத் தொலைபேசியின் கடவுச்சொல், சில்லறைப் பெட்டியின் கணக்கு மூன்றும் தொண்டர் ஒருவரிடமே இருந்தால், செப்டம்பர் முதல் செவ்வாய்க்கிழமை மன்றம் திறக்காது. ஜூன் முடிவதற்குள் சாவியில் இரண்டு நகல் எடுத்து, அந்தத் தெருவில் வசிக்கும் இருவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுங்கள்.